படத்தில் அவளுக்குப் பிள்ளை கிடைத்ததா

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் முன்பெல்லாம் சம்பளத்தைப் பற்றிப் பேசுவோம். பிறகு சர்க்கரையைப் பற்றிப் பேசினோம், உடம்பில் இருக்கிற சர்க்கரையை. இப்போது பேரப்பிள்ளைகள் போனில் காட்டும் படங்களைப் பற்றிப் பேசுகிறோம். அப்போது நம்மில் ஒருவர் கட்டாயம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "கதப் புத்தகத்துல இப்படி இல்லலா, படத்துல கெடுத்துட்டானுங்க" என்று ஆரம்பிப்பார். நான் தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டு சும்மா இருப்பேன். மூன்றாம் வகுப்போடு இரண்டு வருஷம் மல்லுக்கட்டி, இரண்டு வருஷமும் அதனிடம் தோற்றவன் புத்தகத்தைப் பற்றி என்னத்தைப் பேசுவது.

ஆனால் ஒரே ஒரு பேய்க் கதையில் மட்டும், புத்தகத்தையும் படத்தையும் ஒப்பிட்டுச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் பேராக் மாநிலத்திலேயே கிடையாது. அந்தப் புத்தகத்தின் முடிவைக் கையில் கட்டிக்கொண்டு திரிந்தவன் நான். அந்தப் படத்தின் முடிவு ஓடியபோது நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தவனும் நான்தான். உங்களிடம் இதை இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ரப்பர் தோட்டம் சுங்கை சிப்புட்டைத் தாண்டி உள்ளே இருந்தது. ரோட்டு முனைக்கு நடந்து வந்தால் ஒரு பக்கம் ஈப்போ பஸ், மறுபக்கம் தைப்பிங் பஸ். எழுபதுகளின் பின்பாதி. எனக்குப் பத்து வயது இருக்கும், அம்மா கணக்குப்படி ஒன்பது. அந்த வருஷம் மழை விடுகிற சமயத்தில், தைப்பிங் பஸ்ஸிலிருந்து என் சித்தி ஒரு தகரப் பெட்டியோடு இறங்கி வந்தாள். அம்மாவின் கடைசித் தங்கை. தைப்பிங்கில் அரசாங்க ஆபீசில் எடுபிடியாக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். மாமியாரோடு ஏதோ தகராறு, ஒரு மாசம் அக்கா வீட்டில் இருந்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். இரண்டு வயதுப் பையனை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

ஒரு மாசம் ஏழு மாசமானது. கூப்பிட யாரும் வரவில்லை. இங்கிருந்தும் யாரும் போகவில்லை. "அவனுங்கதான் வந்து கூப்புடணும். பொண்ணு வீட்டுக்காரன் நாம எறங்கிப் போனோம்னா அப்புறம் காலத்துக்கும் குனிஞ்சிக்கிட்டே நிக்கணும்" என்பார் அப்பா. அம்மாவும் அதற்குத் தலையாட்டுவாள். மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள். அந்த ஏழு மாசத்தில் அங்கே ஒரு பிள்ளைக்குப் பேச்சு வந்துகொண்டிருக்கிறது, அந்தப் பேச்சில் அம்மா என்ற சொல் வேறு யாருக்கோ போய்க்கொண்டிருக்கிறது என்பது எங்கள் வீட்டில் சித்தியைத் தவிர யாருக்கும் தோன்றவில்லை.

அந்தத் தகரப் பெட்டியில் இரண்டு சேலையும் ஒரு புத்தகமும் இருந்தன. அட்டையில் ஒரு கிணறு, கிணற்று விளிம்பில் ஒரு கை. கை மட்டும்தான், ஆள் இல்லை. பார்த்த உடனே எனக்கு ஒன்றுக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, பால்வெட்டு முடிந்து பெரியவர்கள் குளித்துவிட்டு வந்த பிறகு, லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் ஓடும் சிமெண்டு வாய்க்காலில் பிள்ளைகள் எல்லாரும் காலைத் தொங்கப்போட்டு உட்காருவோம். பதினோரு பேர். சித்தி ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தைப் படிப்பாள். முன்கூட்டிப் புரட்டமாட்டாள், அவளுக்கும் அது முதல் தடவைதான். கைகளில் புல்வெட்டிய பச்சை இருக்கும். முகத்தில் மட்டும் பவுடர். விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்புவாள். திருப்புகிற அந்த ஒரு விநாடியில் பதினோரு பேரும் மூச்சை நிறுத்திக்கொள்வோம். எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கவே நாக்குத் தள்ளும். ஆனால் அவள் படித்தால், அச்சடித்த காகிதத்திலிருந்து ஓர் ஆள் எழுந்து நடந்து வருவது தெரியும். அப்படி ஒரு குரலை அப்புறம் நான் எந்த ரேடியோவிலும் கேட்டதில்லை.

கதை இதுதான். பெரிய வீடு, பின்னால் கிணறு. மருமகளைக் கொடுமைப்படுத்துகிறார்கள். ஒருநாள் கிணற்றோரம் அவள் சேலைத் துண்டு கிடக்கிறது, ஆளைக் காணோம். அன்றிலிருந்து சாயங்காலமானால் கிணற்றிலிருந்து தொட்டில்வரைக்கும் தரையில் ஈரப் பாதம். புத்தகத்தில் அவளை யாரும் பார்ப்பதே இல்லை. முகம் கிடையாது, சிரிப்புக் கிடையாது. ஈரப் பாதமும் புளித்த பால் வாடையும்தான். பிள்ளைக்குக் கொடுக்காமல் மாரில் கட்டிப்போன பால்.

இங்கேதான் எங்களுக்கு வினை வந்தது. ஊரில் உள்ள பிள்ளைகளுக்கு இது கதை. எங்களுக்குப் புளித்த பால் வாடை என்பது காலையிலிருந்து ராத்திரிவரை மூக்கில் இருக்கிற வாடை. மரத்தில் பால் பிடிக்கிற மங்கில் மிஞ்சிய ரப்பர் பால் புளிக்கும், வாளி புளிக்கும், அப்பா கழற்றிப்போட்ட சட்டை புளிக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் அவள் வந்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. ஒரே வாரத்தில் லயத்தில் பாதிப் பிள்ளைகளுக்குக் காய்ச்சல். மீதிப் பாதி பாயை நனைத்தது. நான் இரண்டு பாதியிலும் இருந்தேன்.

அம்மா யோசித்தாள். அம்மாவுக்கும் எழுத்துத் தெரியாது, ஆனால் யோசனை தெரியும். பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னாள்: "கதைய எழுதுனவன் பேயக் கொண்டாந்து உள்ள வச்சிருக்கான்னா, அத அடக்குற கட்டும் உள்ளதான வச்சிருப்பான். பூட்டு விக்கிறவன் சாவி இல்லாமயா குடுப்பான்."

சித்தி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் புத்தகத்தைப் பின்னாலிருந்து புரட்டினாள். கடைசியில் ஒரு படம் இருந்தது. கட்டம் கட்டமாகக் கோடு, நடுவில் சூலம், சுற்றி எழுத்து. கதையில் வருகிற மந்திரவாதி தரையில் போடுகிற சக்கரம் அது. அம்மா அந்தப் பக்கத்திலிருந்து கடைசிவரைக்கும் அப்படியே கிழித்து எடுத்துக்கொண்டு போய்த் தோட்டத்துக் கோயில் பூசாரியிடம் கொடுத்தாள். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பதினோரு துண்டாக வெட்டி, சுருட்டி, தகரக் குப்பியில் அடைத்து, பதினோரு பிள்ளைகளுக்கும் கையில் தாயத்தாகக் கட்டிவிட்டார். காய்ச்சல் இரண்டே நாளில் இறங்கிவிட்டது. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்.

காய்ச்சல் இறங்கிய அன்று சாயங்காலம் சித்தி மறுபடி படிக்கப் புத்தகத்தை விரித்துவிட்டு அப்படியே நின்றாள்.

"அக்கா, கடைசிப் பக்கமெல்லாம் எங்கக்கா?"

"புள்ளைங்க கையில இருக்கு."

"எந்தப் புள்ளைங்க?"

"எல்லாப் புள்ளைங்களும்தான். ஏன், உனக்கும் ஒண்ணு வேணுமா?"

சித்தி திடலைப் பார்த்தாள். நாங்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தோம். கதையின் முடிவு பதினோரு துண்டாகப் பிரிந்து செம்மண்ணில் விழுந்து புரண்டு எழுந்து ஓடிக்கொண்டிருந்தது.

புத்தகத்தில் மிச்சம் இருந்த கடைசி வரி: அவள் தொட்டிலின் மேல் கை வைத்தாள். அவ்வளவுதான். சித்தி அந்தப் பக்கத்தையே மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்தாள். சோறு ஆறியது. அம்மா திட்டினாள். எனக்கு அப்போது, ஒரு கதைக்குப் போய் இவ்வளவா என்றுதான் பட்டது.

இரண்டு நாள் கழித்துக் குளிக்கிற இடத்தில் சித்தி என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"உன்னோடத மட்டும் தொறந்து பாத்துட்டுத் திருப்பிக் கட்டிர்றேன்டா. அம்மாகிட்ட சொல்லாத."

"பேய் வந்துச்சுன்னா?"

"வந்துச்சுன்னா நான் பேசிக்கறேன்."

கொண்டை ஊசியால் குப்பியைத் திறந்தாள். அதற்குள் என் வேர்வையும் ஆற்றுத் தண்ணீரும் போய்க் காகிதம் கஞ்சியாகியிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்ததில் இரண்டே சொல் பிழைத்திருந்தது. 'இனி ஒருபோதும்.' அதற்கு அப்புறம் கரைந்த மை.

"இனி ஒருபோதும் என்னாடா?" என்று என்னைக் கேட்டாள். என்னைப் போய். மூன்றாம் வகுப்பு என்னைக் கேட்காத கேள்வி. "வரமாட்டாளா? இல்ல, புள்ளைய விட்டுட்டுப் போவமாட்டாளா?"

மற்றப் பிள்ளைகளின் தாயத்துகளை அவிழ்க்க வழியில்லை. அம்மாவுக்குத் தெரிந்தால் லயமே கூடிவிடும். ஏற்கெனவே சித்தி தனியாகப் பேசிக்கொள்கிறாள் என்று பேச்சு இருந்தது. உண்மையில் அவள் பையனிடம் பேசிக்கொண்டிருந்தாள், இல்லாத பையனிடம். சட்டி கழுவும்போது, "சூடுடா, தள்ளி நில்லு" என்பாள்.

அந்த நேரத்தில் ஈப்போவில் இருந்து மாமா வந்தார். மாமா அம்மாவின் தம்பி, புந்தோங்கில் லோரிப் பட்டறையில் வேலை. பழைய மோட்டார்சைக்கிள் ஒன்று வைத்திருந்தார். அது வருவது ரோட்டு முனையிலேயே கேட்கும், நிற்பதற்குத்தான் அதற்குத் தெரியாது. "ஒங்க பேய்க் கதைய படமா எடுத்துட்டானுங்கலா. ஈப்போவுல ஓடுது, அடுத்த சனிக்கிழமையோட தூக்கிருவான்" என்றார். பேய்க் கதையை வாய்க்காலில் உட்கார்ந்து கேட்டவர்கள் எல்லாருக்கும் அது ஏதோ எங்கள் தோட்டத்தையே படம் பிடித்ததுபோல இருந்தது.

சித்தி போக முடியாது. புருஷன் வீட்டுச் சொந்தம் புந்தோங் முழுக்க இருந்தது. புருஷனை விட்டு வந்தவள் சினிமாக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள் என்று ஒருத்தி பார்த்துச் சொன்னால் போதும், பையனைப் பற்றி அப்புறம் வாய் திறக்க முடியாது. அதனால் நான் போவதாக முடிவானது. தோட்டத்தில் அப்போது அதுதான் வழக்கம். ஒருவன் போய்ப் பார்த்துவிட்டு வருவான், மீதிப் பேர் அவன் வாயில் பார்ப்பார்கள். எனக்குப் படிப்பு வரவில்லையே தவிர வாய் வந்தது.

மோட்டார்சைக்கிளில் ஏறுகிற நேரத்தில் சித்தி என் சட்டைப் பொத்தானைச் சரிசெய்வதுபோலக் குனிந்தாள்.

"மத்ததெல்லாம் மறந்துட்டாலும் பரவால்ல. கடைசியில அவளுக்குப் புள்ள கெடச்சுச்சா, அத மட்டும் பாத்துட்டு வா. கண்ண மூடிக்காத."

"நானா, கண்ண மூடுவேனா" என்றேன்.

மத்தியான ஆட்டம். மாமா எனக்கு ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, பெயர் போடுவதற்குள் தூங்கிவிட்டார். முந்தின நாள் ராத்திரி பட்டறையில் வேலை. அவர் குறட்டை படத்தின் பின்னணி இசையைவிட நன்றாக இருந்தது.

இப்போது கேளுங்கள், புத்தகத்துக்கும் படத்துக்கும் வித்தியாசம். புத்தகத்தில் கிணறு வீட்டுக்குப் பின்னால். படத்தில் வீட்டுக்கு முன்னால், பாட்டுப் பாட வசதியாக. புத்தகத்தில் ஈரப் பாதம். படத்தில் கொலுசு. புத்தகத்தில் மாமியார் ஒரு சொல் சொன்னால் வாய்க்காலில் ஒருவரை ஒருவர் ஒட்டி உட்காருவோம். படத்தில் அவள் கண்ணை உருட்டினாள், பின்வரிசையில் சீட்டி அடித்தார்கள். முக்கியமாக, வாடை இல்லை. நான் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மூக்கை நீட்டி நீட்டிப் பார்த்தேன். கக்கூஸ் வாடையும் சிகரெட் வாடையும்தான் வந்தன. இடைவேளைவரை எனக்குத் துளிப் பயமில்லை. சித்தி படித்ததில் நாலில் ஒரு பங்குகூட இல்லையே என்று கோபம்தான் வந்தது. நம் கண்ணாடிக்காரர் இன்று சொல்வதை நான் அன்றே சொல்லிவிட்டேன்.

இடைவேளைக்குப் பிறகு அவள் திரும்பினாள். புத்தகத்தில் இல்லாத முகம். வெள்ளைப் பூச்சு, கறுப்பு மை, நீட்டிய நாக்கு எல்லாம் இருந்தது. ஆனால் கண் மட்டும், தொட்டிலைப் பார்க்கும்போது, சட்டி கழுவும் இடத்தில் என் சித்தி பார்க்கிற பார்வை. அதற்கு அப்புறம் மந்திரவாதி தீப்பந்தத்தோடு வந்தான். நான் கச்சாங் பூத்தேயைக் கொட்டிவிட்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டேன்.

பயந்துவிட்டேன் என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பயம்தான். ஆனால் பேயைப் பார்த்துப் பயமில்லை. பேய்க்கு என்ன ஆகுமோ என்று பயம். பிசுபிசுத்த தரையில் கன்னத்தை வைத்துக்கொண்டு காதைப் பொத்தினேன். பொத்தியும் கேட்டது. ஒரு பெண் கத்தினாள். ஒரு குழந்தை அழுதது. மணி அடித்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். எழுந்தபோது திரையில் தேசிய கீதம் ஓட, எல்லாரும் நின்றுகொண்டிருந்தார்கள், மாமாகூட.

அன்று சாயங்காலம் வாய்க்கால் நிறைந்துவிட்டது. பெரியவர்களும் வந்து நின்றார்கள். நான் வாளிமேல் ஏறி நின்று கொலுசுச் சத்தம், கதவுச் சத்தம், மாமியார் கண், எல்லாம் போட்டுக் காட்டினேன். புத்தகத்தில் இருந்ததையும் படத்தில் சேர்த்துக்கொண்டேன், ஈரப் பாதம் உட்பட. படம் எடுத்தவனைவிட நன்றாகவே எடுத்தேன் என்று நினைக்கிறேன். கடைசிக் கட்டம் வந்தது. மந்திரவாதி பந்தத்தோடு வருகிறான். சித்தி கதவுநிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள். கையில் முறத்தை வைத்திருந்தாள், அரிசி புடைப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அப்புறம் என்னாடா ஆச்சு?" என்று கேட்டது அவள் இல்லை, அம்மா.

"பந்தம் அணைஞ்சு போச்சு" என்றேன். "அவ தொட்டில்லேர்ந்து புள்ளையத் தூக்கிக்கிட்டா. நேரா வாசல் வழியாவே நடந்து போனா. ஒருத்தனும் தடுக்கல."

"பேய் புள்ளையத் தூக்கிட்டுப் போச்சா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. "அலாமா, அப்படியா படம் எடுப்பானுங்க?"

"மாமாவ வேணும்னா கேளுங்க."

மாமா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "ஆமாலா, நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். தூங்கியதை அக்காவிடம் சொல்ல அவருக்கு மானம் இடம் தரவில்லை. சித்தி உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அரிசி புடைக்கிற சத்தம் மறுபடி கேட்டது.

அடுத்த சனிக்கிழமை, கோலகங்சாரில் ரவிக்கை தைக்கக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டுச் சித்தி தைப்பிங் பஸ்ஸில் ஏறினாள். ஏற்றிவிடப் போனவன் நான்தான். சாயங்காலப் பஸ்ஸில் தொப்பலாக நனைந்து வந்தாள். தைப்பிங்கில் மழை ஆள் பார்த்துப் பெய்வதில்லை. புருஷன் வீட்டுக்குள் அவள் போகவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா ஒருத்தி, மக்சிக் என்று கூப்பிடுவார்கள், சித்தியைப் பின்கட்டு வழியாக அழைத்துத் தன் அடுப்படியில் உட்காரவைத்து, வேலிக்கு அந்தப் பக்கம் விளையாடிய பையனை பிஸ்கட் காட்டிக் கூப்பிட்டிருக்கிறாள். மாமியார் மத்தியானம் தூங்குகிற நேரம்.

ரோட்டு முனையிலிருந்து சித்தி சேலையைப் பிழிந்துகொண்டே நடந்தாள். கடைசித் திருப்பத்தில் நின்றாள்.

"என்னப் பாத்து அழுவுறான்டா. வேத்தாள் மாதிரி. மக்சிக் கால கட்டிப் புடிச்சிக்கிட்டு அழுவுறான்." பிறகு கேட்டாள். "படத்துல அந்தப் புள்ள அழலையா?"

என் முடிவில் பிள்ளைக்கு வேலையே கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் தூக்கினாள், போனாள் என்று முடித்துவிட்டேன். தூக்கப்பட்டவனிடம் யாரும் கேட்கவில்லை.

"அழுதுச்சு சித்தி. மொதல்ல அழுதுச்சு" என்றேன். "அதச் சொல்ல மறந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் உடனே தூக்கல. திரும்பத் திரும்ப வந்தா. புள்ள தூணுக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு எட்டி எட்டிப் பாத்துச்சு."

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனாள். அந்த வாரம் பையன் மக்சிக்கின் கைலிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்த்தானாம். சித்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், மந்திரவாதியைப் பார்ப்பதுபோல. எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு அடுத்த வாரத்துக்குப் படத்தில் என்ன வைப்பது என்று மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தேன். படிப்புக்கு நான் அப்படி யோசித்திருந்தால் இன்று உங்களுக்கெல்லாம் மேலாளராக இருந்திருப்பேன். "மூணாவது தடவ கையிலேர்ந்து வாங்கித் தின்னுச்சு" என்று சொல்லி அனுப்பினேன். பையன் வாங்கித் தின்றான். சித்தி சாயங்காலப் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவள் விரலில் பிஸ்கட் தூளும் எச்சிலும் காய்ந்திருந்தது. கையைக் கழுவாமலே ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்து அம்மாவிடம் திட்டு வாங்கினாள்.

அந்தப் படத்தின் உண்மையான முடிவை நான் எண்பதுகளின் கடைசியில்தான் பார்த்தேன், வீட்டுக்கு வீடு வீடியோப் பெட்டி வந்த பிறகு. அப்போது எனக்குக் கல்யாணமாகியிருந்தது. இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. மந்திரவாதி அவளைக் கொளுத்திச் சாம்பலைச் சொம்பில் அடைத்துக் கிணற்றில் போட்டான். பிள்ளையை மாமியார் மடியில் வைத்துப் பாட்டு. கொட்டகையில் கைதட்டியது அதற்குத்தான். பிறகு ஈப்போவில் பழைய புத்தகக் கடையில் அந்தக் கிணற்று அட்டையைப் பார்த்து, வாங்கி வந்து, படித்தவளாக நான் பார்த்துக் கட்டிக்கொண்ட என் பெண்சாதியைப் படிக்கச் சொன்னேன். அதில் அவள் சாகவே இல்லை. பரணில் உயிரோடு ஒளிந்திருந்து, யாரும் இல்லாதபோது இறங்கி வந்து பிள்ளையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். பிடித்து அவள் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த 'இனி ஒருபோதும்' எனக்கு ஞாபகம் வந்தது. இனி ஒருபோதும் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுப்பதில்லை என்று ஊரார் முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். சித்தி ஒரு மாசம் நெஞ்சில் வைத்துக்கொண்டிருந்த இரண்டு சொல், தண்ணீர் விஷயம்.

ஆக, எழுதியவன் அவளை உயிரோடு விட்டான். படக்காரன் சாகடித்தான். கிணற்றை மாற்றினார்கள், மாமியாரை மாற்றினார்கள், பாதத்துக்குக் கொலுசு போட்டார்கள். ஒன்றை மட்டும் இரண்டு பேரும் மாற்றவில்லை. பிள்ளையை இரண்டு பேரும் அவளுக்குக் கொடுக்கவில்லை.

மூன்றாவது வாரத்துக்கு அப்புறம் விஷயம் வெளியே வந்துவிட்டது. கோலகங்சார் தையற்காரரை அப்பா சந்தையில் பார்த்து, ரவிக்கை எப்போது கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். அப்பா வீட்டுக்கு வந்து கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மாமாவை வரச்சொல்லி, அடுப்படியில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினார்கள். நான் தட்டியின் மறுபக்கம்.

"பேய்க் கதையப் படிச்சுப் படிச்சு அவளுக்குத் தலையில ஏறிருச்சு" என்றாள் அம்மா. "தனியாப் பேசுறா, சிரிக்கிறா."

"அடுத்தவன் வீட்டுப் புள்ளைய ஒளிஞ்சிருந்து பாக்குறது என்னா பழக்கம்?" என்றார் அப்பா. அவள் வயிற்றில் பிறந்தவனைத்தான் அடுத்தவன் வீட்டுப் பிள்ளை என்றார்.

மாமா, "திங்கக்கெழம தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டிட்டு வந்துர்றேன். சும்மா ஒரு பார்வை. மருந்து குடுத்தா தூங்குவா, தெளிஞ்சிரும்" என்றார்.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அம்மா அன்றிரவு சித்திக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தாள். ஆனால் அந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வந்தவள் என்று பெயர் ஒட்டிவிட்டால், தைப்பிங்காரர்கள் பிள்ளையை ஆயுசுக்கும் கண்ணில் காட்டமாட்டார்கள். அது சித்திக்குத் தெரிந்திருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கம் நான் மட்டும் இல்லை.

சனிக்கிழமை காலையில் அப்பாவும் அம்மாவும் பால்வெட்டப் போன பிறகு, சித்தி ஒரு துணிப்பையோடு கிளம்பினாள். தகரப் பெட்டியை எடுக்கவில்லை. நான் பின்னாலேயே ஓடினேன். மரங்களுக்கு நடுவே வெளிச்சம் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. மங்குகளில் பால் சொட்டிக்கொண்டிருந்தது. ரோட்டு முனையில் நின்றபோது அவள் பைக்குள் பார்த்தேன். சின்னதாக ஒரு ஜோடி சிவப்பு ரப்பர் சப்பாத்து. கடையில் போட்ட நூல்கூட அவிழ்க்கவில்லை.

அந்த வாரத்து முடிவை நான் பிரமாதமாகத் தயார்செய்து வைத்திருந்தேன். பிள்ளை தானாகவே இரண்டு கையையும் தூக்கும். அவ்வளவு நல்ல கட்டத்தை நான் அதற்கு முன்பும் யோசித்ததில்லை, பின்பும் இல்லை. பஸ் வளைவில் தெரிந்ததும் அவசரமாக ஆரம்பித்தேன்.

"சித்தி, இன்னிக்குப் படத்துல என்ன ஆவுதுன்னா..."

"வேணாம்டா" என்றாள். என் தலைமுடியைக் கோதினாள். "நானே போயிப் பாத்துக்கறேன்."

பஸ் வந்தது. ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தாள்.

சாயங்காலப் பஸ்ஸில் அவள் இறங்கவில்லை. அதற்கு அடுத்ததிலும் இல்லை. மறுநாள் அப்பா மானத்தை மடித்து வைத்துவிட்டுத் தைப்பிங் போனார். அவர் திரும்பி வருவதற்குள் லயமே எங்கள் வீட்டு முன்னால் நின்றது. அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். மாமா மோட்டார்சைக்கிளை நிறுத்தாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அங்கயும் போலீசுல எழுதி வச்சிருக்கானுங்க" என்றார் அப்பா. "பையனையும் காணோமாம். பக்கத்து வீட்டு மக்சிக்கிட்ட எதக் கேட்டாலும் தெரியாதுன்னு தலையாட்டுது. சிரிச்சிக்கிட்டே தலையாட்டுது. பஸ் ஸ்டேசன்ல ரொட்டி விக்கிறவன் பாத்தானாம். மழையில ஒரு பொம்பளையும் புள்ளையும் கோலாலம்பூர் பஸ்ல ஏறினாங்களாம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவுக்கு முன்னால் போய் நின்றேன்.

"புள்ள அழுதுச்சாப்பா?" என்றேன்.

"என்னாது?"

"ஏறும்போது அழுதுச்சான்னு ரொட்டிக்காரன் சொன்னானா?"

"அழலையாம். ரொட்டி தின்னுக்கிட்டுப் போச்சாம். ஏன்டா கேக்குற?"

நான் சிரித்துவிட்டேன். அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அம்மா அழ, லயமே வாயில் கை வைத்து நிற்க, நான் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பா அறைந்தார். அறை விழுந்தும் சிரித்தேன். "இவனயும் சேத்து திங்கக்கெழம கூட்டிட்டுப் போவணும்" என்றார் மாமா.

சித்தியிடமிருந்து கடிதம் வரவில்லை. வந்திருந்தால்தான் என்ன, எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். தோட்டத்தை விற்றார்கள், லயத்தை இடித்தார்கள். தேடி வந்திருந்தாலும் எங்களைக் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பதுக்குப் பக்கத்தில் இருக்கும். அவளுக்கு எழுபதைத் தாண்டியிருக்கும். கிளினிக்கில் நம்பர் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, ஒரு வயதான அம்மாவைக் கைத்தாங்கலாக ஒருவன் அழைத்து வந்தால், எழுந்து பக்கத்தில் போய் முகத்தைப் பார்க்கிறேன்.

"என்னா அங்கிள், யாரையாச்சும் தேடுறீங்களா?" என்று அவன் கேட்பான்.

"இல்லலா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்கிறேன்.